வேனில் என் பைக்கு இடமில்லையாம்!

போன ஞாயிறு வளவனூரில் ஒரு காதுகுத்து. எங்கள் இன்னிசைக் குழு விழுப்புரத்திலிருந்து வேனில் கிளம்புகிறது. காலை ஏழு மணி. தலைவர் சேகர் என் பையைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"யோவ், இது ஒரு ஆளு எடத்த புடிக்குதுய்யா. அடுத்த வாரத்திலேர்ந்து டேவிட்டே கீபோர்டுல எடக்கையால பேஸ் வாசிச்சிக்குவான். இன்னிக்கு மட்டும் வந்துட்டு போ."

பதிமூன்று வருஷமாக இந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். காரணம் என்ன தெரியுமா? தப்பாக வாசித்தேன் என்பதல்ல. பை பெரிசாம்!

ஆமாம், பெரிசுதான். தோளில் ஒரு கிட்டார். பைக்குள் இன்னொன்று. அதோடு கம்பி, கேபிள், ஃப்யூஸ், டேப், சால்டரிங் அயர்ன், ஒரு குட்டி ஆம்ப்... எதுவும் ஒற்றையாக இருக்காது.

தொண்ணூற்று மூன்றில், என் முதல் கச்சேரியில், ஒலக்கூர் மேடையில் கேபிள் போய்விட்டது. என்னிடம் இருந்ததே அந்த ஒரு கேபிள்தான். ரெண்டு மணி நேரம் ஊமைக் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசிப்பது போல நடித்தேன். முன் வரிசையில் ஒருவர் சாவகாசமாக மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று வந்தது இந்தப் பை.

டேவிட் கீபோர்டு வாசிப்பவன். நல்ல கை. ஆனால் கீபோர்டைத் தவிர வேறு எதையும் தூக்க மாட்டான். "இன்னாண்ணே, பொண்ணுக்கு சீர் எட்த்துக்கினு போறியா?" என்று தினமும் என் பையைக் கிண்டல் செய்வான். அன்றும் செய்தான். நான் பையை வேனுக்குள் ஏற்றினேன். வாயைத் திறந்திருந்தால் கைகலப்புதான்.

வளவனூரில் பந்தல், மேடை எல்லாம் தயார். தெருமுனையில் தாய்மாமன் வந்து நிற்கிறார் - மரக்காணம் பக்கத்துக் கடலோரக்காரர். பின்னால் இருபது பெண்கள், தலையில் சீர்த்தட்டு. இங்கே தாய்மாமன் பாட்டு ஆரம்பித்தால்தான் அங்கே அவர் காலை எடுத்து வைப்பார். அதுதான் வழக்கம்.

ஜெனரேட்டரைப் போட்டார்கள். 'டப்'பென்று ஒரு சத்தம். கீபோர்டு அடாப்டரிலிருந்து புகை. கீபோர்டு ஊமை.

"வேற அடாப்டர் இருக்குதாடா?" - சேகர்.

"இல்லண்ணே..." - டேவிட்.

சேகர் என் பக்கம் திரும்பினார். "நீ வாசி, நீ வாசி! ஜல்தி!"

வாசித்தேன். தாளத்துக்குப் பேடு அடிக்கிறவனும் சேர்ந்துகொண்டான். ஆனால் பேஸில் 'தும் தும்' என்று அடிச்சத்தம்தான் வரும், பாட்டின் மெட்டு வேண்டாமா? தாய்மாமன் நகரவே இல்லை. தெருமுனையிலிருந்தே கத்தினார்.

"யோவ் மேளம்! இது இன்னாய்யா, கெணத்துல கல்லு போட்ற மாதிரி கீது! பாட்டு வருமா வராதா? தட்டுல சாக்லேட்டு உருகிக்கினு கீது!"

ஊரே சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, உண்மைதானே?

என் பையில் அடாப்டர் இருந்தது. கிட்டார் சத்தத்தை மாற்றும் என் எஃபெக்ட்ஸ் பெட்டிக்கு வாங்கியது. வோல்ட்டை மாற்றிக்கொள்ளலாம், பிளஸ் மைனஸையும் திருப்பிக்கொள்ளலாம். பைக்குள் கையை விட்டேன்... நிறுத்தினேன்.

பொய் சொல்ல மாட்டேன். எடுக்காமல் விட்டால் என்ன என்று தோன்றியது. கீபோர்டு ஊமையாகவே கிடக்கட்டும். அடுத்த வாரம் எவன் இடக்கையால் வாசிப்பான், பார்க்கலாம்!

டேவிட்டைப் பார்த்தேன். செத்த அடாப்டரைக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். சூடான டீயை ஊதுவது போல. ஒலக்கூரில் நான் நின்ற அதே மூஞ்சி.

"ஊதுனா உயிர் வந்துடுமாடா முட்டாள்? குடு இங்க!"

பழைய அடாப்டர் லேபிளில் எத்தனை வோல்ட், பிளஸ் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். என்னுடையதில் அதே மாதிரி திருப்பி வைத்தேன். முனை கொஞ்சம் லூஸ். டேப் போட்டு இறுக்கினேன். செருகினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

பாட்டு கிளம்பியது பாருங்கள்! தாய்மாமன் நடந்து வரவில்லை, ஆடிக்கொண்டே வந்தார். பின்னால் தட்டோடு பெண்கள் ஆடினார்கள். மைத்துனர்கள் ஆடினார்கள். காது குத்த வந்த ஆசாரிகூட ஒரு சுற்று ஆடினார். குழந்தை மட்டும்தான் அழுதது, அதற்கு நியாயமான காரணம் இருந்தது. நான் வாசித்ததில் மேடைப் பலகை அதிர்ந்தது. இந்தப் பதிமூன்று வருஷத்தில் அப்படி ஒரு குஷியில் நான் வாசித்ததில்லை.

ஒன்று சொல்கிறேன். ஸ்பேர் வைத்திருப்பவனைப் பார்த்துச் சிரிக்காதவன் இல்லை. சிரித்த அத்தனை பேரும் ஒருநாள் அவனிடம்தான் கை நீட்டுகிறார்கள். இது வெட்கமில்லாத உலகம்... போகட்டும்.

சாப்பாடு முடிந்து வேனுக்கு வந்தோம். டேவிட் என் பையை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் எங்கேயும் கீழே வைக்கவில்லை.

"அடுத்த வாரம் திண்டிவனம் கல்யாணம்" என்றார் சேகர், என் முகத்தைப் பார்க்காமல். "பைய மொதல்ல ஏத்திடு. அப்பறம் நீயும் ஏறிக்க."

ஆக, வேலை கிடைத்திருப்பது பைக்கு. நான் சும்மா துணைக்குப் போகிறேன்.