யார் திட்டலாம்

என் மகளின் அப்பா, எங்கள் விவாகரத்துக்குப் பிறகு, தன் துணைவரோடு அபுதாபியில் வாழ்கிறார். அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் ரூம்மேட். மகளுக்கு அந்தத் துணைவர் அங்கிள். சனி, ஞாயிறு அவள் அங்கேதான்.

அந்த ஞாயிறு அவள் அப்பாவுக்கு தொலைவிலுள்ள ருவைஸ் எண்ணெய் ஆலையில் டூட்டி. அங்கிள்தான் அவளைக் கீழே கூட்டிவந்தார். என் காரைக் கண்டதும் அவர் கையை உதறிவிட்டுப் பார்க்கிங்கின் குறுக்கே ஓடி வந்தாள்.

"நில்லு பாப்பா!"

அவள் நிற்கவில்லை. வந்த வண்டிதான் கிறீச்சிட்டு நின்றது.

அவர் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். "கூப்பிட்டா நிக்க மாட்டியா?"

"நீங்க ஒண்ணும் அப்பா இல்ல. நீங்க சொன்னா கேக்க வேணாம்னு மம்மி சொல்லிருக்காங்க."

சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை அவரிடம் ஒட்டிக்கொள்வாளோ என்ற பயத்தில், வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சொல்லியிருக்கிறேன். எனக்கு முகம் எரிந்தது.

"பரவாயில்லைங்க," என்றார். "ஆனா வர்ற வண்டி, கத்துறது அப்பாவா அங்கிளான்னு பாக்காதுங்களே."

நான் மகளின் முன்னால் குனிந்தேன். "அங்கிள் நில்லுன்னா நிக்கணும்."

"திட்டினா?"

"திட்டலாம். அவங்களுக்கும் உரிமை இருக்கு."

அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.