நெருப்பில்லாமல் பொங்கிய சாறு

பழவேற்காட்டுக் கோட்டை உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கையில் இருந்த காலத்தில், அங்கே ஒரு துரை வீட்டுச் சமையற்கட்டில் தனக்கோடி என்று ஒருத்தி இருந்தாள். அப்படிப் பெயர் வைத்தவருக்கு நல்ல தைரியம்தான். கோடி தனம் என்று கொஞ்சிப் பெயரிட்ட அதே நைனா, பஞ்சம் வந்த வருஷம் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கோட்டை வாசலில் நிறுத்தினார். அரிசி மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். மற்றப் பிள்ளைகள் பசியில் கிடந்தார்கள், அவரை முழுசாகத் திட்டவும் முடியவில்லை. ஆனால் அன்று அந்த வாசலில் அவளுக்கு வந்த திகைப்பு, வளர்ந்து ஆளான பிறகும் அவளை விட்டுப் போகவில்லை.

அவள் கூலிக்காரி அல்ல, அடிமை. பழவேற்காட்டில் அன்றைக்கு அது உப்பு, மிளகாய் மாதிரி ஒரு சாதாரணச் சொல். கூசாமல் சொல்வார்கள், கூசாமல் கேட்பார்கள். கடலில் பெரிய கப்பல் வந்து நங்கூரம் போட்டால் போதும், கோட்டைக்குள் இருக்கும் அடிமைகளெல்லாம் ஒளிய மூலை தேடுவார்கள். அந்தக் கப்பல்களில் கடலுக்கு அப்பால் பத்தாவிப் பட்டணத்துக்குப் போன ஒருவர்கூட ஊர் திரும்பியதாக யாரும் சொன்னதில்லை.

தனக்கோடிக்கு மட்டும் அந்த வருஷம் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. துரைசாணிக்குத் தலைப்பிரசவம், பாடாய்ப் படுத்திவிட்டது. கால் வீங்கி, சோறு இறங்காமல் கிடந்தவளைத் தனக்கோடிதான் இரவும் பகலும் பார்த்துக்கொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து ஞானஸ்நானமும் முடிந்துவிட்டால் அன்றைக்கே உன்னை விட்டுவிடுகிறேன் என்று துரைசாணி வாக்குக் கொடுத்தாள். கோட்டைக்குப்பத்தில் வேலு காத்துக்கொண்டிருந்தான். தனக்கோடியின் அத்தை மகன், ஏரியில் தோணி விடுகிறவன். மீன் கொடுக்கும் சாக்கில் பின்வாசலுக்கு வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். ஏரி முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறவனுக்கு அப்படி என்ன தாகமோ, நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நாளும் குறித்தார்கள். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. முன்பு ஒரு வீட்டில் இதே மாதிரி விசேஷத்தில் காலையிலேயே சாராயத்தை ஊற்றிக் கொடுத்ததில், விருந்தாளி ஒருவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே தள்ளாடியிருக்கிறார். அதிலிருந்து பாதிரியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஞானஸ்நான விருந்தில் மது கூடாது. வெறும் எலுமிச்சைச் சாறு கொடுத்தால் கப்பல்காரர்கள் சிரிப்பார்களே என்று துரைசாணிக்குக் கவலை. தனக்கோடியைக் கூப்பிட்டாள். துரைசாணியும் பழவேற்காட்டில் பிறந்து தமிழ் ஆயாக்கள் கையில் வளர்ந்தவள், தமிழ் நன்றாகவே வரும்.

"மூக்குல ஏறணும், தலைக்கு ஏறக் கூடாது. அப்படி ஏதாவது செய்யேன்" என்றாள்.

வேறு யாராவது இருந்தால் விழித்திருப்பார்கள். தனக்கோடிக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. எப்போதோ ஒரு நாள், மேசை விரிப்பில் வெற்றிலைக் கறை என்று சலவைக்கார மாசிலாமணியின் துறைக்குப் போயிருந்தாள். கறையின் மேல் எலுமிச்சையைத் தேய்த்தபோது சாறு, துணி வெளுக்கக் கீழே குவித்திருந்த உவர்மண்ணில் சொட்டியது. சொட்டிய இடம் புசுபுசுவென்று நுரைத்துப் பொங்கிற்று. அடுப்பில்லை, நெருப்பில்லை, பால் பொங்குகிற மாதிரி பொங்குகிறது. அவள் பயந்து பின்னால் நகர்ந்தாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், நுரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாக்கு சுருசுருவென்றது.

அன்றிலிருந்து அது அவளுடைய கள்ள ருசி. உவர்மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அடியில் மண் படியவிட்டு, மேலே தெளிந்ததை இறுத்து, சட்டியில் சுண்டக் காய்ச்சினால் வெள்ளையாக உப்பு மாதிரி ஒன்று மிஞ்சும். அதில் ஒரு சிட்டிகை போதும். கூடினால் சவுக்காரம் மாதிரி வழுவழுக்கும், குறைந்தால் பொங்காது. கற்கண்டு கரைத்த எலுமிச்சைச் சாற்றில் கொஞ்சம் நாரத்தைச் சாறும் கலந்து, ஈரத்துணி சுற்றிய பானையில் காற்றாட வைத்துக் குளிர்ந்ததும் சிட்டிகையைத் தூவி உடனே குடித்துவிட வேண்டும். ஆறப்போட்டால் செத்துவிடும். ஆகையால் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கண்ணாடிக் குவளைக்கும் அவளேதான் தூவ வேண்டியிருந்தது. அதுதான் வினையாயிற்று.

கோயில் முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். தனக்கோடி குவளைகளின் மேல் விரலைத் தேய்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் சீறிக்கொண்டு நுரைத்தது. ஒரு பெண்மணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டாள். பாதிரியார் குவளையைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருக்கக் கண்டு கையை எடுத்துக்கொண்டார். குழந்தையின் ஞானத்தகப்பன் ஒரு கப்பித்தான். அப்போது கடலில் நங்கூரம் போட்டிருந்த கப்பலின் தலைவன் அவன்தான். அவன் ஒரே மூச்சில் குடித்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மினான், மேசையைத் தட்டிச் சிரித்தான், மறுபடி கேட்டான். துரைசாணியின் முகம் பூரித்துப் போயிற்று. தனக்கோடிக்கோ கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் கோட்டைக்குப்பம் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

ஞானத்தகப்பன் பிள்ளைக்குப் பரிசு தந்தால் வீட்டுக்காரர்கள் பதிலுக்கு ஏதாவது தர வேண்டும். கப்பித்தான் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து வைத்தான். என்ன வேண்டும் என்று துரை கேட்டார். கப்பித்தான் தனக்கோடியைக் கையால் காட்டினான். கப்பலில் வெயில் தாங்க முடியவில்லையாம், இந்தச் சாறு கலக்க இவளையே கொடுத்துவிடுங்கள் என்றான்.

அவர்கள் பேசிய பறங்கிப் பேச்சு அவளுக்குப் புரியும். புரியாமல் இருந்திருக்கலாம். காதில் விழுந்தது நெஞ்சில் இறங்கவே கொஞ்ச நேரமாயிற்று. பலகாரத் தட்டைத் தருவது மாதிரி அல்லவா கேட்கிறான்? வீட்டு ஆட்கள் விஷயம் மனைவி பாடு என்று துரை கையை விரித்தார். துரைசாணி உடனே தலையாட்டிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அந்தத் தயக்கத்தைத் தனக்கோடி நம்பியிருக்கலாம். ஆனால் நைனாவும் அன்று வாசலில் இப்படித்தான் கொஞ்ச நேரம் தயங்கினார். அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் பிறந்த குப்பத்தில் ஒரு சொல் சொன்னால் போதும், குடித்தவர்கள் தொண்டையில் விரலைவிட்டுக் கக்கிவிட்டு, கொடுத்தவளை ஊரைவிட்டே துரத்துவார்கள். துரத்தட்டும், அதுதானே அவளுக்கு வேண்டும்? கப்பித்தான் யாழ்ப்பாணத்தில் இருந்தவன், தமிழ் தெரியும். அவனைப் பார்த்து நேராகவே சொன்னாள்.

"அய்யா, அது வண்ணாந்துறை மண்ணு. ஊர் அழுக்குத் துணியெல்லாம் அதுலதான் வெளுக்கறாங்க. அத்தத்தான் இம்மாந்நேரம் குடிச்சீங்க."

கப்பித்தான் குவளையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மிச்சம் இருந்ததையும் குடித்து முடித்தான்.

"எந்தத் துறை? அங்கே மண் நிறைய இருக்கா?" என்று கேட்டான்.

இப்படியும் ஒரு மனிதப் பிறவி உண்டா? மாதக்கணக்கில் புழுத்த ரொட்டியும் நாறிய தண்ணீருமாகக் கடலில் கிடப்பவனுக்கு வண்ணாந்துறை என்றால் ஒரு மண்ணும் இல்லை என்பது தனக்கோடிக்கு எப்படித் தெரியும்? அருவருப்பு உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாள், பாவி.

அருவருப்பு வந்தது துரைசாணிக்கு. பழவேற்காட்டில் வளர்ந்தவள் அல்லவா, எழுந்து வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. முந்தின நொடி வரை அவள் வாயில் இருந்த வாக்கு இப்போது இல்லை.

"கூட்டிக்கிட்டுப் போங்க. இவ கையால இனி இந்த வீட்ல ஒரு வாய்த் தண்ணிகூட வேணாம்" என்றாள்.

அன்று பிற்பகலே கப்பல் கிளம்புவதாக இருந்தது. வேலையாட்கள் துறைக்குப் போய் மண்ணை வெட்டி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். கப்பித்தானின் பேராசைக்கு ஒரு தோணி போதாது, ஆனாலும் ஒரே தோணியில் திணித்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே தனக்கோடியை உட்காரவைத்து, இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஏறிக்கொண்டார்கள். தோணி வேலுவுடையது. கோட்டையில் சரக்கு ஏற்ற ஆள் கேட்டார்கள் என்று வந்தவன், ஏறியது யார் என்று பார்த்ததும் கழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

முகத்துவாரத்தில் ஓதம் ஏறி, கடல்நீர் ஏரிக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. வேலு வேண்டுமென்றே தோணியை மணல்திட்டின் மேல் விட்டான். பாரத்தில் அது அப்படியே பதிந்து உட்கார்ந்தது. இறங்கித் தள்ளினால்தான் நகரும் என்று சிப்பாய்களிடம் பணிவாகச் சொன்னான். அவர்கள் துப்பாக்கிகள் நனையாமல் தோணியிலேயே வைத்துவிட்டு இறங்கித் தள்ளினார்கள். தோணி மிதந்த அடுத்த நொடி வேலு கழியை ஊன்றி, கடல் பக்கம் அல்ல, ஏரிப் பக்கம் உந்தினான். ஓதமும் உள்ளே இழுத்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்துவதைத் தவிர அவர்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

வெகுதூரம் வந்த பிறகுதான் தனக்கோடி திரும்பிப் பார்த்தாள். தனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. தோணி இலேசாகட்டும் என்று வேலு மூட்டைகளைத் தூக்கித் தண்ணீரில் தள்ளினான். ஒரு மூட்டை கிழிந்து மண் அவன் மேலெல்லாம் கொட்டியது. இன்னா மண்ணு இது, இத்தப் போய் எதுக்குக் கப்பல்ல ஏத்துறான் என்று கேட்டான். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். தன் உயிரைப் பணயம் வைத்து வந்தவனிடம் எதை மறைப்பது?

வேலுவின் கை நின்றது.

"நீயும் குடிச்சியா?"

"குடிச்சேன்" என்றாள்.

அவன் குனிந்து கைகளை ஏரியில் கழுவினான். மறுபடியும் கழுவினான். வெயிலில் அவனுக்கு நா வறண்டிருப்பதைப் பார்த்து, தோணியில் இருந்த பானையிலிருந்து கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு அவள் நீட்டினாள்.

"வேணாம்" என்றான் அவன், அவள் கண்ணைப் பார்க்காமல். "நானே மொண்டுக்கறேன்."

காலையில் விருந்து மேசையில் கப்பித்தானிடம் அவள் எதிர்பார்த்த முகம் இதுதான். அங்கே வராதது இங்கே வந்து நிற்கிறது. துப்பாக்கிக்கு அஞ்சாமல் அவளை மீட்டவன், அவள் கைத்தண்ணீருக்கு அஞ்சுகிறான். கோட்டை வாசலில் நைனா போன அன்றுகூட அவள் இப்படித் திகைத்ததில்லை. கொட்டாங்குச்சித் தண்ணீரை அவளே குடித்தாள்.

"கரையை ஒட்டு மாமா, நான் எறங்கிக்கறேன்" என்றாள்.

அவன் எதற்கு என்று கேட்டான். அவள் கொட்டாங்குச்சியைப் பானையின் மேல் கவிழ்த்து வைத்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர் வந்ததும் தோணியிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரையைப் பார்த்து நடந்தாள்.