ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்

ஆர்டித் க்ளோஸ்டர்மன் அயோவா மாநிலத்துக் கியோகக் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் நின்றவள். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப்பேர் அவள் கையால் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் சினமன் ரோலும் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள். கடையில், தபால் நிலையத்தில், பல் ஆஸ்பத்திரியில் எங்கே போனாலும் யாராவது ஒருவர், "மிசஸ் கே, எனக்கு எப்பவும் ரெண்டு ரோல் போடுவீங்களே" என்பார்கள். அவளுக்குப் பெயர் நினைவுக்கு வராது. முகம் வரும், தட்டை நீட்டும் கை வரும்.

கணவர் வெர்னான் இறந்து ஆறு வருடம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. குன்றின்மேல் அவர்கள் இருவரும் சேர்ந்து பார்த்துப் பார்த்துச் செப்பனிட்ட வீடு. மாடி ஜன்னலில் நின்றால் மிசிசிப்பி தெரியும். இதயம் பலவீனமாகிப் போய், இரண்டு முறை ஆற்றோடு கீழே போனால் வரும் க்வின்சி ஊர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்ததிலிருந்து அவள் மாடிக்கு அதிகம் ஏறுவதில்லை.

பிப்ரவரி மாதம் காப்பீட்டுக் கம்பெனிக் கடிதம் வந்தது. மெடிக்கேர் என்கிற அரசாங்க முதியோர் காப்பீடு தாங்காமல் விடுகிற மிச்ச மருத்துவச் செலவைத் தாங்குவதற்காக அறுபத்தைந்து வயதில் வாங்கிய துணைக் காப்பீடு அது. ஜி திட்டம் என்று பெயர். வருடா வருடம் பிரீமியம் ஏறுவது வழக்கம்தான். இந்தத் தடவை மாதம் நானூற்றுப் பன்னிரண்டு டாலர் என்று போட்டிருந்தது. ஆர்டித் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். அதே எண்தான்.

வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று நினைத்தாள். அதே ஜி திட்டத்தை வேறு கம்பெனிகள் பாதி விலைக்கு விற்பதாகத் தேவாலயத்தில் பேசிக்கொண்டார்கள். அன்று மதியமே ஒரு கம்பெனிக்குப் போன் செய்தாள். மறுமுனையில் ஒரு பெண். நல்ல குரல்.

"ஒரு சில கேள்வி கேப்பேன் மேடம். ஆமா, இல்லன்னு சொன்னாப் போதும். கடந்த ரெண்டு வருஷத்துல இதயம் பலவீனம்னு டாக்டர் யாராவது சொல்லியிருக்காங்களா?"

"ஆமா."

"சரிங்க மேடம். இப்போதைக்கு எங்களால உங்கள எடுத்துக்க முடியாது. நல்லபடியா இருங்க."

"மத்த கேள்வியெல்லாம்?"

"தேவையில்ல மேடம்."

இரண்டாவது கம்பெனியிலும் அதேதான், நான்காம் கேள்வியில். மூன்றாவதற்குப் போன் செய்யும் முன் பக்கத்து வீட்டு ஷெர்லி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று யோசனை சொன்னாள். "உனக்குன்னு வாய் இல்லையா? இல்லன்னு சொல்லேன். வந்து நெஞ்சத் தொறந்தா பாக்கப் போறான்?"

ஆர்டித் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவள். ஆனாலும் மூன்றாவது ஆளிடம் "இல்ல" என்றாள். சொன்ன உடனே காது சூடேறியது. அவன் பாட்டுக்கு, "நல்லது மேடம், நீங்க வாங்குற மருந்துகளோட பட்டியல மருந்துக் கடையிலருந்து நாங்களே எடுத்துப் பாத்துக்குவோம்" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுவதும் அந்தப் போன் இருந்த பக்கம் அவள் போகவில்லை.

முதியோர் மன்றத்தில் புதன்கிழமைகளில் கேலன் ப்ரூஸ் உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காப்பீட்டுக் குழப்பங்களில் சிக்கியவர்களுக்குக் காசு வாங்காமல் வழி சொல்பவர். அவள் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பாலிசிய புதுசா யாருக்கும் விக்கிறத நிறுத்திட்டாங்க, ஆர்டித்" என்றார் கேலன். "திடகாத்திரமா இருந்தவங்க எல்லாம் எப்பவோ வேற கம்பெனிக்குப் போயாச்சு. மிச்சம் இருக்கறது உன்ன மாதிரி சீக்காளிங்க. உங்க செலவ நீங்களே பங்கு போட்டுக்கறீங்க. வருஷா வருஷம் ஏறத்தான் செய்யும்."

"அப்ப நான் மாற முடியாதா?"

"அறுபத்தஞ்சு வயசு ஆரம்பத்துல ஆறு மாசம் ஒரு கதவு தொறந்திருக்கும். அப்ப யாரும் உடம்பப் பத்திக் கேக்க மாட்டான். நீ அதுல உள்ள வந்துட்ட. அப்புறம் அது சாத்திக்கிச்சு."

"சாத்திக்கும்னு எவனும் சொல்லலியே. பாலிசி வித்த டுவெய்ன் என் வீட்டுல ரெண்டு தட்டு சாப்பாடு சாப்புட்டானே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

கேலன் சிரிக்கவில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஒரு விஷயம் சொல்றேன். உனக்கு உதவுமான்னு தெரியாது. நம்ம அயோவாவுல இதுக்குன்னு சட்டம் எதுவும் இல்ல. ஆனா டி மொயின் ஆத்துப் பாலத்தத் தாண்டினா மிசௌரி மாநிலம். அங்க பாலிசி எடுத்த தேதி வருஷா வருஷம் வரும்போது, அதுக்கு முன்னால முப்பது நாள், பின்னால முப்பது நாள், அதே திட்டத்த எந்தக் கம்பெனியில வேணா வாங்கலாம். இதயம் இருக்கா இல்லையான்னுகூட கேக்க முடியாது."

"என் தேதி மே ஒண்ணு."

"அப்ப ஏப்ரல், மே. ஆனா நீ அங்க குடியிருக்கணும். நெசமாவே குடியிருக்கணும். சும்மா முகவரி குடுக்கறது ஏமாத்து. அதுக்கு நான் துணை வர மாட்டேன்."

பாலத்துக்கு அந்தப்பக்கம், இருபது மைல் தள்ளி, கஹோக்கா ஊரில் ஆர்டித்தின் அக்கா மேவிஸ் இருந்தாள். இருவரும் ஒழுங்காகப் பேசி ஆறு வருடம். வெர்னானை அடக்கம் செய்த அன்று, தேவாலயக் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, மேவிஸ் கையில் காப்பியோடு வந்து, "முன்னாடியே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருந்தா ஆளு இருந்திருப்பாரு" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் அட்டை மட்டும்தான், அதிலும் கையெழுத்து மட்டும்.

ஆர்டித் பத்து நாள் யோசித்தாள். மார்ச் கடைசியில் போன் செய்தாள்.

"யாரு செத்தா?" என்றாள் மேவிஸ்.

"யாரும் சாகல அக்கா."

"பின்ன எதுக்குப் போன் பண்ற?"

ஆர்டித் சொன்னாள். தடுமாறித் தடுமாறி, கடிதம், கேள்விகள், பாலம், மே ஒன்று எல்லாவற்றையும் சொன்னாள். மேவிஸ் நடுவில் பேசவே இல்லை. அது அவள் வழக்கமில்லை.

"அப்ப உனக்கு என் வீட்டு முகவரி வேணும்."

"முகவரி மட்டும் போதாதாம். குடியிருக்கணுமாம்."

"அதானே பாத்தேன். எனக்குத் தெரியும்டி அந்தச் சட்டம். நானே மூணு தடவ மாறிட்டேன். நீ கட்டுறதுல பாதிகூட நான் கட்டல." அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. "தையல் ரூம்ல ஒரு கட்டில் இருக்கு. சாப்பாடு நாலரை மணிக்கு. வீட்டுச் சூட்டுக் கருவியில நீ கை வைக்கக் கூடாது."

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஆர்டித் இரண்டு பெட்டியோடும் மருந்துப் பையோடும் போனாள். மிசௌரி ஓட்டுநர் உரிமம் எடுத்தாள், கார் எண்பலகையை மாற்றினாள், வாக்காளர் பதிவும் செய்தாள். பழைய உரிமத்தின் மூலையை உரிம அலுவலகத்துப் பெண் கத்தரியால் வெட்டித் திருப்பிக் கொடுத்தபோது ஆர்டித்துக்கு அழுகை முட்டியது. அவளுக்கே ஆச்சரியம். ஒரு பிளாஸ்டிக் அட்டைதானே.

தையல் அறையில் கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடியும். மேவிஸ் தொலைக்காட்சியைத் தெருவுக்கே கேட்கும்படி வைப்பாள். சூட்டுக் கருவி எழுபத்தெட்டு ஃபாரன்ஹீட்டில் நிற்கும். ஆர்டித்துக்கு மூச்சு முட்டும், ஜன்னலைத் திறந்தால், "ஊருக்கெல்லாம் சூடு போடவா நான் பில் கட்டறேன்?" என்று குரல் வரும். நாலரை மணிக்கு, அடுப்பில் வைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோல். ஒரு நாள் ஆர்டித் அதில் கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்தாள்.

"இது பள்ளிக்கூடச் சமையல்கட்டு இல்ல" என்றாள் மேவிஸ்.

"தெரியுது. அங்க பிள்ளைங்க ரெண்டாவது தடவ கேட்டு வாங்கும்."

மேவிஸ் முள்கரண்டியை வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். பிறகு மறுபடி எடுத்துச் சாப்பிட்டாள். தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

புதுக் கம்பெனிக்கு விண்ணப்பம் போனிலேயே. மேவிஸ் எதிரில் உட்கார்ந்து ஒலிபெருக்கியை அழுத்தச் சொன்னாள். மறுமுனையில் ஒரு இளைஞன். பெயர், பிறந்த தேதி, மெடிக்கேர் எண், முகவரி, பழைய பாலிசியின் திட்டம், எடுத்த தேதி எல்லாம் கேட்டான். ஆர்டித் மடியில் கையைக் கோத்துக்கொண்டு இதயத்தைப் பற்றிய கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"அவ்வளவுதான் மேடம். பழைய கம்பெனிகிட்டருந்து பாலிசி தேதியக் காட்டற கடிதம் ஒண்ணு வாங்கி அனுப்பிடுங்க. மே முப்பத்தொண்ணுக்குள்ள எங்க கைக்கு வரணும்."

"வேற ஒண்ணும் கேக்கணுமா?"

"இல்லையே. ஏன், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

மேவிஸ் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். "இல்ல, இல்ல" என்றாள் ஆர்டித்.

பழைய கம்பெனி அசைந்து கொடுக்கவில்லை. முதல் தடவை கேட்டபோது பத்து வேலை நாள் என்றார்கள். பத்து நாள் கழித்து, அப்படி ஒரு வேண்டுகோளே பதிவாகவில்லை என்றார்கள். மறுபடி பதிந்தார்கள். முகவரியை மாற்றிச் சொல்லியும் கம்ப்யூட்டரில் கியோகக்தான் இருக்கிறது, மாற்ற இன்னொரு படிவம் வேண்டும் என்றார்கள். மே பாதி கடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆர்டித் இருபது மைல் ஓட்டிப்போய், பாலம் தாண்டி, பூட்டிக்கிடக்கும் தன் வீட்டின் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்புவாள். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. உள்ளே போகமாட்டாள். போனால் வெளியே வர மனம் வராது என்று பயம்.

கால் வீங்க ஆரம்பித்தது. மேவிஸ் கவனித்துவிட்டாள். மறுநாள் சாவிக்கொத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நான் ஓட்டறேன். நீ வாய மூடிக்கிட்டு உக்காரு."

மே இருபத்தேழு அன்று தபால் பெட்டியில், பூக்கடை விளம்பரத்துக்கும் மின்கட்டண ரசீதுக்கும் நடுவே அந்தக் கடிதம் இருந்தது. ஒரு பக்கம், மூன்று வரி. மேவிஸ் நேராகக் கஹோக்கா நூலகத்துக்கு ஓட்டினாள். அங்கிருந்து ஃபேக்ஸ் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று மெஷின் ஒரு சீட்டைத் துப்பிய பிறகும் மேவிஸ் நம்பவில்லை. இன்னொரு தடவை அனுப்பச் சொன்னாள்.

ஊர் எல்லையில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் தொலைக்காட்சிச் சத்தமும் இல்லை, சமையலும் இல்லை. பேச வேறு ஒன்றும் இல்லாதபோது மேவிஸ் சொன்னாள்:

"அன்னிக்கி வெர்னான் விஷயத்துல நான் வாய வெச்சிருக்கக் கூடாது."

ஆர்டித் வெளியே பார்த்தாள். இருபுறமும் அப்போதுதான் முளைத்த சோளம். "டாக்டர்கிட்ட வாங்கன்னு மூணு தடவ கூப்பிட்டேன் அக்கா. வர மாட்டேன்னுட்டாரு. தூக்கிட்டா போக முடியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

சமாதானம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மேவிஸ் மிளகுத்தூள் டப்பாவை மேசைமேல் வைத்திருந்தாள்.

ஜூன் முதல் வாரம் புதுக் காப்பீட்டு அட்டை வந்தது. மாதம் நூற்றெண்பத்தொன்பது. ஆர்டித் அன்றே பெட்டியை அடுக்க ஆரம்பித்தாள். போவதற்கு முன் கேலனுக்குப் போன் செய்து நன்றி சொன்னாள்.

"பாலிசிய யாரும் புடுங்க முடியாது, ஆர்டித். நீ கியோகக் வந்தாலும் உன்னோட வரும்" என்றார் அவர். பிறகு, சொல்லாமல் விட்டால் தப்பு என்று நினைத்தவர்போல், "ஆனா அதுவும் வருஷா வருஷம் ஏறும். அப்ப நீ இந்தப் பக்கம் இருந்தா மாற முடியாது. அந்தப் பக்கம் இருந்தாத்தான்" என்றார்.

ஆர்டித் கட்டிலில் உட்கார்ந்தாள். பெட்டி திறந்தே கிடந்தது. இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டால் போதும் என்று எண்ணித்தான் வந்தாள். அது இரண்டு மாதத்துக் கணக்கில்லை, இதயம் ஓடுகிற மட்டும் இந்தக் கணக்குதான் என்பது அப்போதுதான் உறைத்தது. தன் வீட்டில் இருந்தால் கம்பெனியின் பிடியில், கம்பெனியிடமிருந்து தப்பித்தால் அக்காவின் வீட்டில்.

மேவிஸ் கதவருகே வந்து நின்றாள். "போறதுன்னா போ. யாரும் கட்டிப்போடல."

"தெரியும்."

"அந்த மெஷின் எனக்கு வேண்டாம். நான் தெச்சு நாலு வருஷமாச்சு. அத வெளிய தள்ளினா நடக்க எடம் கெடைக்கும்."

ஆர்டித் ஒரு வாரம் கியோகக் போய் இருந்து பார்த்தாள். வீட்டைப் பெருக்கினாள். மாடிக்கு ஒரே ஒரு முறை ஏறினாள், நடுவில் இரண்டு தடவை நின்று. ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த இசை ஆசிரியைக்கும் அவள் கணவனுக்கும் வீட்டை வாடகைக்கு விட்டாள். சாவியைக் கொடுக்கும்போது வீட்டைச் சூடாக்கும் அடித்தள உலையை எப்படித் தட்டினால் பற்றிக்கொள்ளும் என்று இரண்டு முறை சொல்லிக் காட்டினாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

தையல் மெஷின் கராஜுக்குப் போயிற்று. ஜன்னலை எத்தனை அங்குலம் திறக்கலாம் என்பதில் சண்டை தொடர்ந்து நடக்கிறது; இப்போதைக்கு இரண்டு அங்குலம். கஹோக்கா கடையில் யாரும் அவளை மிசஸ் கே என்று கூப்பிடுவதில்லை. மேவிஸின் தங்கை என்கிறார்கள்.

நவம்பரில் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. காப்பீட்டுக் கம்பெனியாக இருக்கும் என்று பயந்துதான் பிரித்தாள். கஹோக்கா அடங்கிய கிளார்க் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஊர்மக்கள் குழுவான ஜூரியில் உட்கார வரச்சொல்லி அழைப்பு.

"எனக்கு இருபது வருஷமா வரல" என்றாள் மேவிஸ், உண்மையான பொறாமையோடு. "உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்க."

ஆர்டித் சமையல் மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். இந்தக் கவுண்டியில் எத்தனை காலமாகக் குடியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. ஏழு மாதம் என்று எழுதினாள். உடல்நலக் காரணத்தால் விலக்கு வேண்டுமா என்று அடுத்த கேள்வி. பேனாவைக் கொஞ்ச நேரம் அதன்மேலேயே வைத்திருந்தாள். பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டு, உறையை ஒட்டி, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு தபால் பெட்டிக்கு நடந்தாள்.