லாரியில் போய்வந்த சென்ட் பாட்டில்

போன வாரம் நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் பேரனின் காரில் போனேன். சாப்பிட்டுவிட்டு வந்து, வெயிலில் நின்ற காரைத் திறந்ததும் டர்பன்டைன் நெடி. முன்கண்ணாடி ஓரம் அவனுடைய சென்ட் பாட்டில். எலுமிச்சை, நாரத்தை வாசனைகள்தான் சூட்டில் முதலில் கெடும்; கெட்டால் பெயின்ட் கடை மாதிரி அடிக்கும். எடுத்துச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். "என்ன தாத்தா, அது பாலா, திரிஞ்சுபோக?" என்று பேரன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் சீட்டுக்கு அடியில் கை போனதுமே எனக்குச் சென்னியப்பன் நினைவு வந்துவிட்டது.

வேதியியலில் எம்.எஸ்சி முடித்து நான் சேர்ந்த முதல் வேலை, ராசிபுரம் சாலையில் ஒரு சென்ட் கம்பெனி. கம்பெனி என்றது என் அப்பா, சொந்தக்காரர்களிடம். உள்ளபடி இரண்டு தகரக் கொட்டகை. முதலாளி மும்தாஜ் அம்மா. சேலத்து வியாபாரக் குடும்பம், என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். வாய் ஓயாது. என்னை "எம்.எஸ்சி சார்" என்றுதான் கூப்பிடுவார், அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவரைப் போல ஒரு சரக்கைக் காப்பாற்றியவரை நான் பார்த்ததில்லை. எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்தால் எவர்சில்வர் டிரம்மில், இருட்டில், வாரக்கணக்கில் ஊற வேண்டும். பிறகு குளிரவைத்து வடிகட்ட வேண்டும். பாட்டிலில் கழுத்துவரை நிரப்ப வேண்டும். காற்றுக்கு இடம் விட்டால் திட்டு விழும். மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்து, கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். கசிந்தால் சில்லென்று தெரியுமாம். "வெளிச்சம், காத்து, சூடு. சென்ட்டுக்கு ஆகாத மூணும் நம்ம ஊர்ல ஓசி சார்" என்பார்.

கடையின் கண்ணாடிப் பெட்டியில் பல மாதம் நின்றாலும் சரக்கு கெடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை இன்றும் வியக்கிறேன். நம் பக்கத்தில் லாரிக்கா பஞ்சம்? புது வகை ஒன்று தயாரானால், வடக்கே போகும் லாரியில் ஒரு பாட்டில் ஏறிவிடும். முன்கண்ணாடி ஓரம், வெயிலில், குலுங்கிக்கொண்டே டெல்லி போய்த் திரும்பும். திரும்பியதை, பீரோவில் இருட்டில் வைத்திருந்த ஜோடியோடு முகர்ந்து பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சரக்கு கடைக்குப் போகும். டிரைவர்கள் அதை வைத்த இடத்தில் மறந்துவிடுவார்கள். அந்த மறதிதான் எங்கள் ஆய்வுக்கூடம்.

ஒருமுறை மல்லிகை சென்ட் ஒன்று செய்தோம். கடைக்காரர்கள் கேட்டதால் பழுப்புக் கண்ணாடியை விட்டு வெள்ளைக் கண்ணாடி பாட்டில். வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சல். நாமகிரிப்பேட்டை சென்னியப்பன் முதல் தடவையாக எடுத்துப் போனார். வைக்கவேண்டிய இடத்தைக் காட்டினேன். எதற்கு என்று சொல்லவில்லை. போதாக்குறைக்கு, "பத்திரமா கொண்டாங்க" என்றும் சொல்லிவைத்தேன்.

திரும்பி வந்தவர் ஈரத்துணி சுற்றிய பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"கண்ணாடிகிட்ட வெச்சா வெந்துருமுங்க சாமி. பச்சக் கொழந்தையாட்ட சீட்டுக்கடியில வெச்சுக் கொண்டாந்தனுங்க. ஊருக்கு ஊரு துணிய நனச்சுச் சுத்துனனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டது. இன்னொரு நடைக்கு நேரமில்லை. மும்தாஜ் அம்மா இரண்டு பாட்டிலையும் முகர்ந்தார்.

"கண்ணாடிகிட்டதானே இருந்துச்சு, எம்.எஸ்சி சார்?"

"ஆமாங்க" என்றேன்.

கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மல்லிகை டீத்தண்ணி நிறத்துக்கு மாறியது. சேலத்தில் ஒரு மாப்பிள்ளையின் வெண்பட்டு வேட்டியில் மஞ்சள் கறை விழுந்த செய்தியும் வந்தது. மும்தாஜ் அம்மா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கடை கடையாக நானும் பின்னால் போனேன்.

"கலருதானேம்மா மாறியிருக்கு, வாசம் அப்படியே இருக்கு. நான் வித்துக்கறேன், உடுங்க" என்றார் ராசிபுரத்துக் கடைக்காரர்.

"நீங்க வித்துருவீங்கண்ணே. திட்டு எம்பேருக்குல்ல வரும்? எடுங்க எல்லாத்தையும்."

ஒரு பாட்டிலைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

திரும்பி வந்த பெட்டிகள் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தபோது சென்னியப்பன் வந்தார். "பாட்டில எங்கண்ணே வெச்சீங்க?" என்று மும்தாஜ் அம்மா கேட்டார். சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று சற்று நேரம் காத்திருந்தார். நான் மூடி ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"தப்பு நம்முளுதுதானுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மும்தாஜ் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த பாட்டிலை மூடி வைத்தார். பிறகு, "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

சென்னியப்பன் லாரி வடக்கே போயிருந்தது. வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். வந்தபோது எனக்கு ஏதோ வேலை. அடுத்த நடைக்கும் ஏதோ வேலை. அப்படியே வருடங்கள் போய், அவர் காலமான செய்திதான் வந்தது.

சென்னியப்பன் மேல் பழி விழுந்த நாளிலிருந்தே எந்த டிரைவரும் எங்கள் பாட்டிலை வாங்கவில்லை. "நமக்கெதுக்குங்க அந்த வம்பு" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்கள். லாரிக்குப் பதிலாக மும்தாஜ் அம்மா சூட்டுப்பெட்டி ஒன்று வாங்கினார். உள்ளே விளக்கு, வெளியே சூட்டைக் காட்டும் முள். அது சரியாகத்தான் வேலை செய்தது.

டிரைவர்கள் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வரும்போது மும்தாஜ் அம்மாவுக்கு ஒரு பை நாக்பூர் ஆரஞ்சும் கொண்டுவந்து மேஜையில் வைப்பது வழக்கம். அதுவும் நின்றுபோயிற்று. ஒருநாள் நானே சேலம் கடைவீதியில் ஒரு பை வாங்கி வந்து வைத்தேன்.

"யாரு கொண்டாந்தது?" என்று ஆவலோடு கேட்டார்.

"நான்தாங்க."

"ஓ" என்றார். பையைப் பிரிக்காமலே பேக்கிங் பெண்களிடம் கொடுத்தனுப்பினார்.