பூட்டக்காவும் இரண்டு படிக்கட்டுகளும்

தெருவில் எதிரே வந்தால் பூட்டக்கா யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். நேற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவராகவே இருக்கட்டும், இன்று காய்கறிக் கடையில் அவர் எதிரே நின்றால் அவள் பாட்டுக்குத் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவராக "நல்லா இருக்கீங்களாக்கா" என்று கேட்டால் இவளும் நல்லா இருக்கேன் என்பாள். அவ்வளவுதான். தலைக்கனம் பிடித்தவள் என்று அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு எண்ணம். மீதிப் பேரில் சிலருக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர்களும் அவளுக்காகப் பரிந்து பேச வாயைத் திறப்பதில்லை. திறந்தால் தங்கள் குட்டும் வெளிப்பட்டுவிடுமே.

அவள் வேலை பார்க்கும் இடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடி. குடியால் அவதிப்படுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் வந்து பேசிவிட்டுப் போகும் ஆலோசனை நிலையம். காசு வாங்குவதில்லை, பெயரை வற்புறுத்திக் கேட்பதில்லை. முன்பக்கப் படியில் ஏறி வந்தவர் பின்பக்கப் படியில் இறங்கி, ஒரு அச்சகத்தின் முற்றம் வழியாக அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். வருகிறவரும் போகிறவரும் முகத்தில் முகம் விழிக்க வேண்டியதில்லை. கீழே கண்ணாடிக் கடை இருப்பது இன்னொரு சௌகரியம். யாராவது பார்த்துவிட்டால் "கண் செக் பண்ண வந்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கட்டடத்துக்கு அடிக்கடி கண் காட்ட வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.

மேலே அறையில் மேசை கிடையாது. மேசை போட்டால் அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் குற்றவாளி என்று ஆகிவிடும் என்பது பூட்டக்காவின் கட்சி. இரண்டு நாற்காலிகள், ஜன்னலைப் பார்த்தபடி சற்றுச் சாய்வாகக் கிடக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் மனிதனுக்கு வாய் சீக்கிரம் திறந்துவிடுகிறது. ஒருவர் முதல் நாள் தன் மேனேஜர் பெயரைத் தன் பெயராகச் சொன்னார். அடுத்த முறை அதை மறந்துபோய் மாமனார் பெயரைச் சொன்னார். இரண்டுக்கும் அவள் "சரிங்க, உக்காருங்க" என்றுதான் சொன்னாள்.

பூட்டு என்ற பட்டத்தைக் கொடுத்தவர் கண்ணாடிக் கடைக்காரர். அது ஒரு வயிற்றெரிச்சலில் கொடுத்த பட்டம். மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஒரு நாள் கடைக்கு வந்திருந்த அவர் மனைவி, படியில் இறங்கி வந்த பூட்டக்காவிடம் வேடிக்கையாக, "எங்க வீட்டுக்காரரும் மேல வர்றாராக்கா?" என்று கேட்டுவைத்தாள். இவள் வழக்கம்போல, "யார் வர்றாங்க, யார் வரலைங்கிறதை நான் சொல்றதில்லம்மா" என்றாள். அவ்வளவுதான், கடைக்காரர் வீட்டில் பல நாள் பூகம்பம். "வரலைன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்தா போயிடும்?" என்று அவர் மல்லுக்கு வந்தார். வராதவரை வரவில்லை என்று இன்று சொல்லிவிட்டால், நாளை அவள் பதில் சொல்லாமல் நிற்கும்போது வருகிறவர் மாட்டிக்கொள்வார் என்று அவள் நிதானமாக விளக்கினாள். அவருக்கு நியாயம் புரிந்தது. கோபம் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து அவள் பூட்டக்கா.

அவளுக்கு இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. அவளுடைய அப்பா குடித்தவர். தெருவில் விழுந்து கிடக்கும் அவரை நாலு பேர் தூக்கி வருவார்கள். தூக்கி வந்தவர்கள் மறுநாள் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அந்தக் கதையைச் சுமந்து வருவார்கள். அப்பா குடித்ததைவிட, ஊர் அதைச் சிரித்துப் பேசியதுதான் அவளையும் அவள் தம்பியையும் குனியவைத்தது. அப்பாவும் ஒரு முறை விட நினைத்தார். எங்கே போய்க் கேட்பது என்று வெட்கப்பட்டே போய்ச் சேர்ந்தார். பிறகு அவள் ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் கவுண்டரில் உட்கார்ந்தாள். அதே கல்லீரல் வியாதிக்காரர்கள் திரும்பத் திரும்ப வருவதையும், அவர்கள் மனைவிமார் வியாதியின் காரணத்தைக் காதோடு காதாகச் சொல்வதையும் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல், ஆலோசனைப் படிப்புப் படித்துக்கொண்டு குறைந்த சம்பளத்துக்கு இந்த மாடி ஏறினாள்.

அப்பாவின் குடி பிள்ளைக்கும் வந்தது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். கைதேர்ந்தவன், பேச்சில் கெட்டிக்காரன், சாயங்காலமானால் பாட்டிலைத் தேடுகிறவன். மனைவியிடம் விட்டுவிடுகிறேன் என்று அவன் செய்யாத சத்தியம் இல்லை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த அவளும், பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தனம் நடத்தினாள். ஒரு நாள் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்தபோது அவன் கை நடுங்கி ஸ்பானர் நழுவியது. கீழே குழிக்குள் நின்ற கூட்டாளியின் தோளை உரசிக்கொண்டு அது போய் விழுந்தது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் தலை. அந்த வாரமே அக்காவின் மாடியில் வந்து நின்றான்.

கூடப் பிறந்தவனோடு தான் உட்காரக் கூடாது, அது முறையில்லை என்று அவள் அவனை நர்ஸம்மாவிடம் அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்று இங்கே வந்திருந்த நர்ஸம்மாதான் அந்த மாடியின் இன்னொரு ஆள். உள்ளே போவதற்கு முன் தம்பி தயங்கினான்.

"என் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாதுக்கா. இன்னொரு சத்தியம்னு சிரிப்பா. நான் நிலைச்சு நின்னப்புறம் நானே சொல்லிக்கிறேன்."

"என் வாயால போகாது" என்றாள் அவள்.

இப்படியாக அவன் வியாழக்கிழமைதோறும் வந்தான். கஷ்டப்பட்டான், ஒரு முறை வழுக்கி விழுந்தான், மறுபடி எழுந்து வந்தான். ஆனால் வீட்டில் வேறு விதமாக வினை முளைத்தது. வியாழக்கிழமை மட்டும் புருஷன் தாமதமாக வருகிறான். தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டு, வாயில் நாற்றம் இல்லாமல் வருகிறான். மற்ற நாட்களிலும் அவன் குடிக்காததை அவள் கணக்கில் வைக்கவில்லை, இப்படிக் கொஞ்ச நாள் நிறுத்தி மறுபடி தொடங்கியதை எத்தனையோ தடவை பார்த்தவள். குடித்துவிட்டு வருகிறவனைப் பற்றி ஒரு மனைவிக்குச் சந்தேகமே வராது, எங்கே போனான் என்று மூக்கே சொல்லிவிடும். மணக்க மணக்க வருகிறவனை என்னவென்று நினைப்பாள்? வேறொருத்தி இருக்கிறாள் என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

நேராகப் பூட்டக்கா வீட்டுக்கு வந்து கேட்டாள். அவனைப் பற்றித் தன்னிடம் கேட்க வேண்டாம், அவனிடமே கேள் என்றாள் இவள். அக்காவும் தம்பியும் கூட்டு என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நாமாக இருந்தால் அந்த இடத்திலேயே, பைத்தியமே, அவன் உனக்காகத்தான் அலைகிறான் என்று சொல்லித் தொலைத்திருப்போம். இவள் அதை விழுங்கிக்கொண்டு, தம்பியைக் கூப்பிட்டு மனைவியிடம் மனம்விட்டுப் பேசடா என்று கெஞ்சினாள். அவன் இன்னும் கொஞ்ச நாள் என்றான்.

அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், முன்பக்கப் படியில் ஏறி வந்து நின்றவள் தம்பி மனைவியேதான்.

"அண்ணி, இது குடிக்கிறவங்களுக்கு மட்டும்தானா?"

வீட்டில் இருக்கிறவர்களும் வரலாம் என்றாள் பூட்டக்கா. மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்கே போய்விடலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று யாரிடமாவது பேச வேண்டும் என்றாள் அவள். அவருக்கு மட்டும் தெரியக் கூடாது என்றாள். "அவர் தலைகீழா நின்னாலும் இந்தப் படியேற மாட்டார், நானாவது ஏறுறேன்" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். பூட்டக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு நர்ஸம்மாவின் அறையைக் கை காட்டினாள்.

ஆக, வியாழக்கிழமை புருஷன், செவ்வாய்க்கிழமை பெண்டாட்டி. ஒரே நாற்காலி, ஒரே நர்ஸம்மா. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து வந்தால் நல்லது என்று நர்ஸம்மா தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தார். இருவரும் தனித்தனியாகத் தலையை ஆட்டி மறுத்தார்கள். சீக்கிரமே தம்பியும் பூட்டக்காவிடம் வந்து நின்றான். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கூட்டம் என்று மனைவி சொல்கிறாளாம், போய்ப் பார்த்தால் கிளினிக் மூடியிருக்கிறதாம். உனக்குத் தெரியுமா என்று கேட்டான். அவனுக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

"இன்னிக்கு நான் போய்க் குடிச்சேன்னா அதுக்கு நீதான்க்கா காரணம்" என்றான்.

அந்த வார்த்தை அவளைக் குத்திக் கிழித்தது. இத்தனை மாதமாக அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். அது ஒரே சாயங்காலத்தில் பாழாகலாம். அந்தப் பக்கம் பெட்டி கட்டத் தயாராக ஒருத்தி. பூட்டக்கா ஒரு வார்த்தை சொன்னால் குடும்பம் பிழைத்துவிடும். அதைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி மனைவிக்குப் போன் செய்து, இந்த வாரம் செவ்வாய் முடியாது, வியாழக்கிழமை வாம்மா என்றால் போதும். இருவரும் வாசலில் முட்டிக்கொள்வார்கள். தற்செயல் என்று எல்லாரும் நினைப்பார்கள். அவள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். பிறகு கீழே வைத்துவிட்டு, நர்ஸம்மாவிடம் தான் நினைத்ததைச் சொன்னாள். நல்ல காரியம்தானே, நானாக இருந்தால் செய்துவிடுவேன் போலிருக்கிறதே என்று நர்ஸம்மாவே தடுமாறினார்.

"என்னை நம்பித்தான் ரெண்டு பேரும் ஏறி வர்றாங்க. அவங்க நல்லதுக்குன்னு ஏமாத்தினாலும் ஏமாத்தினதுதானே நர்ஸம்மா" என்றாள் பூட்டக்கா. அன்று அவளால் வேறு வேலை செய்ய முடியவில்லை. தம்பிக்கு மட்டும் மூன்று முறை போன் செய்து, சாப்பிட்டாயா, தூங்கப் போகிறாயா என்று சம்பந்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எரிந்து விழுந்தான். ஆனால் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்து உட்கார்ந்தான். காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி வந்தாள். அவன் அங்கே இருப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நாளைக்கு மகளோடு அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறேன், சொல்லிக்கொள்ள வந்தேன் அண்ணி என்றாள். தம்பி துள்ளி எழுந்தான்.

"செவ்வாய்க்கிழமை எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ."

"வியாழக்கிழமை நீங்க எங்க போறீங்கன்னு சொல்லுங்க. நானும் சொல்றேன்."

பூட்டக்கா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பியின் முகம் அப்பாவின் முகம்போலவே வெளிறியிருந்தது.

"அக்கா, நீயே சொல்லிடு. நான்தான் சொல்றேனே, சொல்லிடு."

"நீ சொல்லுடா" என்றாள் அவள். "நான் சொன்னா அது என் பேச்சு. அவ உன் வாயாலதான் கேக்கணும்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அக்காவின் ஆபீசுக்குத்தான் போகிறேன், குடியை விடுவதற்காக நர்ஸம்மாவிடம் போய் உட்காருகிறேன். முதலிலேயே சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று சொல்லவில்லை. ஒரு தடவை தவறிவிட்டேன். அப்புறம் தொடவில்லை.

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானும் அங்கதான் போறேன்" என்றாள் கடைசியில்.

"நீ எதுக்கு? நீ குடிக்கிறதில்லையே."

"குடிக்கிறவர்கூட இருக்கேனே."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் கோபம் முழுக்கப் பூட்டக்கா பக்கம் திரும்பியது.

"அண்ணி, உங்களுக்கு ரெண்டும் தெரியும். நான் உங்க கண்ணு முன்னாடி வெந்துக்கிட்டு இருந்தேன். எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எப்படி உங்களால சும்மா இருக்க முடிஞ்சுது?"

ஊரார் கதையெல்லாம் கேட்டும் கலங்காதவள் என்று பேர் வாங்கிய பூட்டக்கா, மடித்து வைத்த துணிகள்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். அழுகையினூடே திக்கித் திக்கித்தான் சொன்னாள்.

"முடியலம்மா. செவ்வாய்க்கிழமை நீ படியேறி வர்ற சத்தம் கேக்கும். வியாழக்கிழமை அவன் வர்ற சத்தம் கேக்கும். ரெண்டு பேரும் ஒரே வீட்டைக் காப்பாத்தத்தான் வர்றீங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். எங்க அப்பா காலத்துல இருந்து இவ்வளவு நல்ல சேதி எங்க வீட்டுல வந்ததே இல்ல. அதை வச்சுக்கிட்டு நான் யார்கிட்டம்மா போய்ச் சொல்லுவேன்?"

தம்பி மனைவி கதவை விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி கட்ட வேண்டும் என்று அவசரமாக வந்தவள், வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.