தேயிலைக்குள் எறிந்த கிளை

மலைச் சாலையில் வண்டி பழுதானால், பின்னால் வருபவர்களுக்கு அடையாளமாகத் தழைக்கிளையை ஒடித்துச் சாலையில் போடுவார்கள். வண்டி சரியானதும் எடுக்கமாட்டார்கள், அப்படியே போய்விடுவார்கள். என் சைக்கிள் டயரோ விரல் பருமன். ஏறினால் விழ வேண்டியதுதான்.

அன்று சூரியநெல்லியிலிருந்து இறங்கும்போது இப்படி மூன்று கிளைகள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்து, இறங்கி, திட்டிக்கொண்டே தேயிலைக்குள் எறிந்தேன். மூன்றாவது கிளை வாடாமல் பச்சையாக இருந்தது. அதையும் எறிந்தேன்.

வளைவு திரும்பினால் ஒரு ஜீப் நிற்கிறது. அடியில் டிரைவர் படுத்து ஜாக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மேலே பஸ் ஹார்ன் கேட்டது.

சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். நடுரோட்டில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். பஸ் முட்டுவதுபோல் வந்து நின்றது.

"யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார் பஸ் டிரைவர்.

"வளைவுல ஜீப்புக்கு அடியில ஆள் படுத்திருக்காருங்க."

"ஒரு கொப்பு ஒடிச்சுப் போடத் தெரியாதா அவனுக்கு?"

சத்தம் கேட்டு ஜீப் டிரைவர் ஓடி வந்தார். "போட்டேண்ணே. எந்தப் பயலோ எடுத்து எறிஞ்சுட்டான்" என்றவர், கிரீஸ் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மறிக்கலேன்னா என் பிள்ளைங்க கதி என்னண்ணே?"

"பரவால்லைங்க" என்றேன். வழியெல்லாம் ஊரைத் திட்டிய வாய்க்கு, அந்தப் பயல் நான்தான் என்று சொல்ல வரவில்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். நன்றி சொல்லிவிட்டார்.