கழுவிவிட்டுப் பார்ப்பவர்

என் தங்கையின் கணவர் மோட்டார் சைக்கிள் ஷோரூம் ஒன்றில் சர்வீஸ் மேனேஜர். பட்டறையில் வேலை என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். "சர்வீஸ் சென்டர்னு சொல்லுங்கக்கா" என்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் வழியும் அந்த இடத்துக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு போய், இரண்டையும் வெள்ளையாகவே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஒரே பிறவி அவர்தான். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர் 'பளிச்'. வைத்தது நான். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பளிச் அந்த ஷோரூமில் முதலில் சேர்ந்தது வண்டி கழுவ. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கழுவிக்கொண்டிருந்தவரைக்கும் நல்ல மனிதர். ஒருநாள் முதலாளியிடம் போய், வண்டி உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கழுவிவிடலாம், அதற்குப் பிறகு மெக்கானிக் பார்க்கட்டும் என்று ஒரு யோசனை சொன்னார். அதுவரை அங்கே கழுவுவது கடைசி வேலை. மாற்றிய உடனே பலன் தெரிந்தது. ஒழுகுகிறது, கசிகிறது என்று வந்த வண்டிகள் குழாயடியிலிருந்து வெளியே வந்தபோது ஒன்றுமே ஒழுகவில்லை. மெக்கானிக் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். வண்டிக்காரரும் பளபளப்பைப் பார்த்து மயங்கி, வந்த காரியத்தை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவார். வாரண்டியில் மாற்றித்தர வேண்டிய பாகங்கள் குறைந்துபோயின. புகார் குறைந்த சர்வீஸ் சென்டர் என்று கம்பெனி கேடயம் கொடுத்தது. முதலாளி மனம் குளிர்ந்து பளிச்சைக் குழாயடியிலிருந்து கண்ணாடி அறைக்கு ஏற்றிவிட்டார். அன்றைக்கு மேலே ஏறிய மனுஷர் அதற்கப்புறம் குனிந்து எதையும் பார்த்ததில்லை.

வீட்டிலும் அதே வைத்தியம்தான். படுக்கையறைச் சுவரில் ஈரம் பூத்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மாட்டார், பெயிண்ட் அடிப்பார். அவருடைய அம்மாவும் என் தங்கையும் முட்டிக்கொண்டால் என்ன ஏது என்று கேட்க மாட்டார், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி புடவை வாங்கி வருவார். குளியலறைக் குழாயின் அடியில் தண்ணீர் கசிந்தபோது பிளம்பரைக் கூப்பிடவில்லை. ஷோரூமிலிருந்து ஒரு டியூப் நீல நிறக் கம் கொண்டுவந்து குழாயைச் சுற்றி அப்பினார். எஞ்சின் மூடிகளை ஒட்ட வைப்பதற்காக இருக்கும் பசை அது. "கம்பெனி ஐட்டம், வெளியில கிடைக்காது" என்று வந்தவர் போனவரையெல்லாம் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். விருந்தாளியாகப் போய்க் குளியலறைக் குழாயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தவள் நான். தண்ணீர் இப்போது சுவருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

என் தங்கைக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, கெடுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மேம்பாலத்தில் ஏறி இறங்காமல் அவளுக்கு ஒரு வேலையும் நடக்காது. அவளுக்கென்று பளிச் தன் ஷோரூமிலேயே ஒரு புது வண்டி எடுத்துக் கொடுத்தார். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்கூடக் கொஞ்சம் மனசு இளகியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் அழகு நிலையம் வைத்திருப்பவள். வேலை முடிந்து அவள் என் கடை வாசலில்தான் வண்டியை நிறுத்துவாள். அங்கே தரையில் ஒருநாள் ஒரு கறுப்புச் சொட்டைப் பார்த்தேன். துடைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் இருந்தது.

"உன் வண்டி ஒழுகுதுடி" என்றேன்.

"அவர்கிட்ட சொன்னேன்க்கா. எடுத்துட்டுப் போய்ப் பாத்தாரு. ஒண்ணும் இல்லியாம். செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே தெறிக்குதாம்."

"அவரு பாத்தாரா, கழுவினாரா?"

"போக்கா நீ" என்றாள்.

நான் குனிந்து விரலில் தொட்டுப் பார்த்தேன். செயின் ஸ்ப்ரே கையில் பிசுபிசுவென்று ஒட்டும். இது தண்ணியாக, கறுப்பாக, விரலிடுக்கில் ஓடியது. எஞ்சின் ஆயில்தான். அது போகட்டும் என்றால், பின் டயரின் இடது ஓரமும் நனைந்திருந்தது. நான் பயந்தது அதைப் பார்த்துத்தான். தரையில் விழுகிற எண்ணெயைத் துடைத்துவிடலாம். டயரில் விழுகிற எண்ணெயோடு இவள் மேம்பால வளைவில் இறங்கினால் என்ன ஆகும்? வாரண்டியும் அந்த மாதத்தோடு முடிகிறது.

மறுபடியும் அனுப்பினோம். மறுபடியும் கண்ணாடிபோல மின்னிக்கொண்டு திரும்பி வந்தது. கூடவே ஷோரூமிலிருந்து ஒரு பெண் போன் செய்து, எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் மேடம் என்று குழைந்தாள். என் தங்கை பத்துக்குப் பத்து கொடுத்தாள். புருஷனுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சீப்பை வீசிவிட்டேன்.

எண்ணெய் வழியும் முகத்தில் எந்த இடத்தில் வழிகிறது என்று தெரியவில்லை என்றால், நன்றாகத் துடைத்து, பவுடரை ஒற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பேன். ஊறும் இடம் தானாகவே கறுத்துக் காட்டும். முகத்துக்கு நடப்பது எஞ்சினுக்கு நடக்காதா? கடை ஓய்ந்திருந்த ஒரு மதியம் இரண்டு பேரும் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எஞ்சினைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு டப்பா பவுடரையும் அதன்மேல் கொட்டினோம். பக்கத்து செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, வண்டிக்கும் மேக்கப்பா? எங்க கெளம்புது?"

"உங்க கடைக்குத்தான். கண்ணாடி எடுத்து வைங்க" என்றேன்.

தங்கை மேம்பாலத்தில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். அடிப்பகுதி முழுக்க நசநசவென்று நனைந்திருந்தது. அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. எண்ணெய் கீழேதான் ஓடும், காற்று பின்னால்தான் தள்ளும். முதல் ஈரம் எங்கே என்று மேலே தேடிக்கொண்டே போக வேண்டும். எஞ்சினின் மேல்பாகம் மாவு பூசியதுபோல வெள்ளையாக இருந்தது. செயின் மாட்டியிருக்கும் சின்னச் சக்கரத்தின் மூடி இருக்கிறதல்லவா, அதற்கு உள்ளிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டு வந்திருந்தது. அந்த வாரம் செயினுக்கு ஸ்ப்ரேயே அடிக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு, பவுடர் கலையாமல் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு நேராக ஷோரூமுக்குப் போனோம்.

வாசலிலேயே காவலாளி சல்யூட் அடித்துச் சாவியை வாங்கிக்கொண்டார். அது அங்கே நடைமுறையாம். "உள்ள உக்காருங்கம்மா" என்றார். சோபாவில் உட்கார்ந்து நான் நிமிர்வதற்குள், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். எங்கள் ஒரு மதிய வேலை பால்போலக் கரைந்து சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

பளிச்சின் அறைக்குள் போனேன். மேஜைமேல் கேடயங்கள். அதில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, காட்டலாம்னு கொண்டு வந்ததையும் கழுவிட்டீங்களே!"

"அழுக்கு வண்டிய எப்படிக்கா பாக்கறது? மெக்கானிக்குக் கை வழுக்கும்ல?"

"வழுக்கப்போறது டயரு."

சிரித்தார். போட்டோவைக் காட்டினேன். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "பவுடர் நனைஞ்சா கறுப்பாத்தான்க்கா தெரியும்" என்றார். இந்த வயதில் எனக்குப் பவுடரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் அவர்தான். அப்புறம் என் தங்கை பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனி ஆளுங்க வர்ற நேரம்மா. சொந்தப் பொண்டாட்டி வண்டிக்கே வாரண்டி கேட்டா அசிங்கமா இருக்காதா? வாரண்டி போனா என்ன, நான் இல்லியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும், "அவரு அவ்வளவு சொல்றாருல்லக்கா" என்றாள்.

அந்த வாரமே மேம்பாலத்திலிருந்து இறங்கும் வளைவில் பின்சக்கரம் வழுக்கிவிட்டது. வண்டி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். பின்னால் வந்த பஸ் எப்படியோ பிரேக் பிடித்து நின்றது. என் கடைக்குள் வந்து கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கை தேய்ந்து, முட்டி கிழிந்திருந்தது. "பெட்டி உடையலக்கா" என்றுதான் முதலில் சொன்னாள். பஞ்சில் மருந்தைத் தொட்டு ஒற்றினேன். அந்த பஸ் டிரைவர் யாரோ, அவருக்கு நான் காலம் பூராவும் கடன்பட்டவள்.

பளிச் வந்தார். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ரோட்டுல மண்ணு கெடந்திருக்கும்" என்றார். உடனே வண்டியிடம் போனார். ஷோரூமிலிருந்து ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"சாவி என்கிட்ட இருக்கு. தர மாட்டேன்" என்றேன்.

"துடைச்சாவது வைங்கக்கா. ஹேண்டில்பார்ல ரத்தம் பட்டிருக்கு."

பெண்டாட்டியின் ரத்தம்கூட அவருக்கு ஒரு கறைதான். இவ்வளவு சின்ன மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாரண்டி தருவது கம்பெனி, பளிச் அல்ல. அதே கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டருக்கும் போகலாம் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. மறுநாள் வண்டியைச் சின்ன வேனில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனோம். அங்கே சூப்பர்வைசர் ஒரு பெண்மணி. சிரிக்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை. முதல் கேள்வி, "கழுவினீங்களா?"

"இல்லங்க" என்றாள் தங்கை.

"நல்லது. கழுவிட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

எங்கள் கண் முன்னாலேயே அந்தச் சின்னச் சக்கரத்தின் மூடியைக் கழற்றச் சொல்லி, சக்கரத்தையும் கழற்றச் சொன்னார். டார்ச்சைப் பிடித்துப் பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இத யாரு தொறந்தது?"

"யாரும் தொறக்கலயே" என்றாள் தங்கை.

"தொறந்திருக்காங்க. உள்ள ஆயில் சீல், எண்ணெய் வெளிய வராம புடிச்சிக்கற ரப்பர் வளையம், கிழிஞ்சிருக்கு. அத மாத்தாம அதுமேலயே கம் அப்பி மூடியிருக்காங்க. எண்ணெய் ஊறுற எடத்துல கம் எத்தன நாளுக்கு நிக்கும்? சீல் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் ஒருத்தன் இங்க கம் வைப்பான்."

நானும் எட்டிப் பார்த்தேன். இரும்பைச் சுற்றி நீலமாகப் பளபளத்தது. என் தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க வீட்டுக் குழாய்ல இருக்கு" என்றாள். அந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஒன்றும் இல்லை, ஸ்ப்ரேதான் என்று சொன்ன அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கப்புறமும் தினம் காலையில் வாசலில் நின்று அவளுக்கு டாட்டா காட்டி வழியனுப்பியிருக்கிறார்.

வாரண்டியிலேயே புது சீல் போட்டு, டயரில் இருந்த எண்ணெயையும் துடைத்துக் கொடுத்தார்கள். பழைய சீலைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். "அந்தக் கம்ம மட்டும் குடுங்க" என்று கேட்டு வாங்கினாள் தங்கை. உரித்தெடுத்த நீலப் பசையைத் தன் பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டு, ரத்தக் குப்பியை மூடுவதுபோலவே கவனமாக வாயை ஒட்டினாள்.

சாயங்காலம் பளிச் வீட்டுக்கு வந்தபோது நாங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, "கழுவாமலே கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டபடியே உள்ளே வந்தார். தங்கை அந்தப் பையை எடுத்து மேஜைமேல் அவர் முன்னால் வைத்தாள்.

"இது அங்க இருந்துச்சு. நான் தெனமும் அந்த வண்டியிலதான் போறேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை. ஏதாவது ஒரு பொய்யாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். பையைத் தொடாமல், அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

அவர் துடைத்து முடிக்கும்வரை என் தங்கை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு உள்ளே போய், ரத்தம் எடுக்கும் பெட்டியையும் தன் துணிமணிகளைத் திணித்த ஒரு பையையும் கொண்டுவந்தாள். சாவியை எடுத்துக்கொண்டாள்.

"ஏறுக்கா" என்றாள்.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மேம்பால வளைவு வந்தபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை.